ஸ்டாட்டின் குளிசை: பக்கவிளைவும் மாற்றும்

கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாட்டினைத் தசைநோவுக்குப் பயந்து நிறுத்துவோர் பலர். இலண்டனில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்டிருந்தவர்களுக்கு அந்தக் குளிசையால் வந்த உபாதையில் 90 வீதம் வெற்றுக் குளிசையாலும் வந்தது. அப்படியானால் நோவு பொய்யா? நோவு மெய்தான், பெரும்பாலும் அதற்குக் காரணம் மருந்தல்ல, மருந்தைப் பற்றிய அச்சம். ஆபத்தே இல்லையென்றும் சொல்வதற்கில்லை: தசையழிவு மரணங்களால் செரிவாஸ்டாட்டின் 2001இல் மீளப்பெறப்பட்டது. கடும் நோவோடு சிறுநீர் கறுத்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

மற்றவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெற்றிமைப் என்ற வேறுவகை மருந்தைச் சேர்க்கலாம். 'இயற்கை' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பதும் லோவாஸ்டாட்டினே, அளவுதான் நிச்சயமில்லை. எவரும் குளிசையைத் தானாக நிறுத்தாமல், அடுத்த கிளினிக்கில் நோவைச் சொல்லி மாற்றுக் கேட்கவேண்டும்.