வாப்பா, எங்களைக் கூப்பிட்டிருப்பாங்களா?



ராத்திரி மகள் ஏதோ வெள்ளைக்காரத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மண்டபம், மெழுகுதிரி, நீளக் கவுண், நடனம். "வாப்பா, ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள இப்படி விருந்து வச்சால், தீவில இருந்து எங்களையும் கூப்பிட்டிருப்பாங்களா?"

வாசலிலேயே மறித்திருப்பார்கள். ஆர் எந்த வண்டியில் போகலாம், ஆருக்குக் குடை பிடிக்கலாம், எந்தப் பெண் எவ்வளவு நகை போடலாம் என்று 1754இல் பத்தாவியாவிலிருந்து கம்பனி சட்டமே போட்டது. எல்லாம் புருஷனின் பதவிப்படி. சொந்த ஆட்களுக்கே இந்தப் பாடு!

முஸ்லிம்களும் செட்டிமாரும் அவர்களுக்கு அந்நியர். ஊழியம் என்று கம்பனிக்கு வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் காசு கட்டவேண்டும். கோல்கொண்டாவிலிருந்து யானை வாங்க வந்த முஸ்லிம் வியாபாரிகளுக்கு மட்டும் தனி மரியாதை. காசுக்கு மதம் இல்லைதானே. எங்கட ஊர்காவற்றுறைக்குக் கயிட்ஸ் என்ற பெயரே போர்த்துக்கேயர் சொன்ன 'யானைத் துறை'யின் மிச்சம்.

ஆனால் மண்டபத்துக்குள் எங்கட நிறத்து ஆட்களும் நின்றிருப்பார்கள், தட்டுத் தூக்கிக்கொண்டு. 1659–1661 பஞ்சத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விலைப்பட்டு யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது ஆங்கிலேயர் காலத்தில், 1844இல்தான்.

"அந்தத் தட்டுத் தூக்கின பிள்ளையின்ட பேர் என்ன வாப்பா?"

எசமான் வைத்த பெயர் ஏட்டில் இருக்கும், உம்மா வைத்த பெயர் இருக்காது என்றேன். மகள் டிவியை நிற்பாட்டிவிட்டாள்.