கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு சிறு மாத்திரையும்

காஞ்சிபுரத்துத் தறி வீடு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். கணவர் குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்கின்றார். அருகே அமர்ந்து தார் சுற்றும் மனைவி கருவுற்றிருக்கின்றாள். சுகாதாரச் செவிலியர் அவளுக்குத் தரும் மாத்திரையில் இரும்புச் சத்து 60 மில்லிகிராம். ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட இல்லாத அந்த அரை மில்லிகிராமுக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் சமுதாயத்து ஏழைத் தாய்மார்களுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்த முதல் நான்கு மாணவியருள் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவர் முன் வர இயலாது பிரசவத்தில் மடிந்த பெண்டிரின் அவலம் அவரை உலுக்கியது. இலண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய அவர், 1885-ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 'கோஷா' என்பது பர்தாவைக் குறிக்கும் சொல். முஸ்லிம் பெண்டிரும் உயர்சாதி இந்துப் பெண்டிரும் ஒரே கூரையின் கீழ் சிகிச்சை பெற்ற அவ்விடத்தை மக்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இன்று விளங்குவது அதுவே.

1928-ல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்டிர் பலரைக் கர்ப்ப காலத்தில் ஒரு கொடிய இரத்தசோகை வாட்டிக் கொண்டிருந்தது. காரணம் கிருமியா, உணவா என்பது எவருக்கும் தெரியவில்லை. வில்ஸ் அவர்களுடைய அடுப்படியை ஆராய்ந்தார். எவ்வகுப்பார் எதை உண்கின்றனர் எனக் கணக்கெடுத்தார். மிகக் குறைந்த உணவு உண்டவர்களும், நோய்க்கு மிகுதியாக இலக்கானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்டிரே என்று கண்டார்.

1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், அப்பெண்டிர் உண்ட உணவை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். எலிகளும் சோகை கண்டன. பின்னர் குரங்குகளில் சோதனை தொடர்ந்தது. சாகும் தறுவாயிலிருந்த ஒரு குரங்குக்கு, 'மார்மைட்' என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அது தேறியது. தாய்மார்களும் அதனாலேயே தேறினர். விலையுயர்ந்த ஈரல் சாற்றை வாங்க வழியற்றவர்களுக்கு இது பெரும் வரமாயிற்று. 1931-ன் தொடக்கத்தில் அவர் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். அவ்வாண்டிலேயே தம் முடிவுகளை வெளியிட்டார். ஈஸ்ட்டில் மறைந்திருந்த அப்பொருளை உலகம் 'வில்ஸ் காரணி' என்றது.

1941-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் 'ஃபோலிக் அமிலம்' எனப் பெயரிட்டனர். அதனை 1945-ல் செயற்கை முறையில் உருவாக்கிய அமெரிக்க லெடர்லே ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 'ஸ்புரு' என்னும் வெப்பநாட்டுக் குடல் நோய்க்கு உடன்பிறந்தோரைப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. 1948-ல் அவர் காலமானார்.

கருவுறும் முன்பிருந்தே இதனை உட்கொண்டால் சிசுவின் தண்டுவடக் குறைபாடுகள் பெரிதும் தவிர்க்கப்படும் என்பதை 1991-ல் பிரிட்டன் ஆய்வு மெய்ப்பித்தது. இந்திய அரசோ 1970-லேயே கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை வழங்கத் தொடங்கிவிட்டது.

ஆயினும் நாம் மகிழ்ந்து ஓய்ந்துவிட முடியுமா? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்துக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேர் இரத்தசோகை உடையோர். மாத்திரை வீடு வந்து சேர்கின்றது, வயிற்றுக்குள் சேர்வதில்லை. கசப்பென்றும் குமட்டலென்றும் அது அலமாரியில் உறங்குகின்றது. குடும்பத்தார் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமும் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. வில்ஸ் அம்மையார் பம்பாய் அடுப்படிகளில் கண்ட குறை, மாத்திரையால் மட்டும் தீர்வதன்று. உணவுத் தட்டில் நீதி பிறந்தாலன்றித் தீராது.

லூசி வில்ஸின் பெயரும் சுப்பாராவின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. தம் இரத்தத்தைச் சோதனைக்குத் தந்த அத்தாய்மார்களை ஊரார் அறியார். அவர்களிடம் கற்ற பாடமே இன்று உலகெங்கும் கருவிலிருக்கும் மக்களைக் காத்து நிற்கின்றது. நம் வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்தால், அந்த மாத்திரையை அவள் உட்கொண்டாளா, முதலில் அவள் உண்டாளா என்று கேட்பதே அத்தாய்மார்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக் கடனாகும்.