ஆடு தொடாத இலையும் என் பெரியப்பாவும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து இது மூன்றாவது குளிர்காலம். டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கே வீட்டுக்கு வீடு இருமல்தான். என் மகளுக்கும் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை. "இதெல்லாம் எதுக்குடா, நாலு ஆடாதோடை இலை கொண்டு வா" என்று ஒரே பிடிவாதம்.

லேக் மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் அம்மாளிடம் மொபைலில் படத்தைக் காட்டினேன். "பாஷோக் பாதா!" என்று சிரித்துக்கொண்டே ஒரு கட்டை எடுத்துப் போட்டார். வங்காளிகளும் இதன் சாற்றைத் தேன் கலந்து இருமலுக்குக் கொடுக்கிறார்களாம். இந்திக்காரர்களுக்கு இது அடூசா, மராத்தியருக்கு அடுள்சா.

வீட்டுக்கு வந்து சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். (வங்கிக்காரன் புத்தி, பொடி எழுத்தைப் படிக்காமல் விடாது!) அம்ப்ராக்சால் என்று போட்டிருந்தது. பி.காம் படித்தவனுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்காதீர்கள். தேடிப் படித்தபோது, அம்மாவின் இலையும் டாக்டரின் சிரப்பும் ஒரே வம்சம் என்று தெரிந்தது.

முதலில் பெயர். இதன் தாவரவியல் பெயர் ஜஸ்டிசியா அடாதோடா. லின்னேயஸ் 1753இல் வைத்தது. அதற்கு முன்பே, இலங்கையில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த பால் ஹெர்மன் 1687இல் வெளியிட்ட லெய்டன் தோட்டப் புத்தகத்தில் 'அடாதோடா' என்றே எழுதியிருக்கிறார். ஆடு தொடாத இலை என்பதுதான் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எதையும் மேயும் ஆடே இந்தக் கசப்பிடம் தோற்றுவிடும். அதனால்தான் நம் ஊர்களில் இதை வேலிக்கு வைத்தார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டேவிட் ஹூப்பர் என்று ஒரு ஆங்கிலேயர். ஊட்டியில் சென்னை அரசாங்கத்தின் கொய்னா நிபுணர். சின்கோனா பட்டையில் எவ்வளவு கொய்னா தேறும் என்று அளப்பது அவர் உத்தியோகம். அந்த மனிதர் நம் வேலிச்செடியையும் ஆராய்ந்து, அதன் இலையில் ஒரு ஆல்கலாய்டு இருப்பதாக 1888இல் எழுதினார். வடமொழிப் பெயரான வாசாவிலிருந்து அதற்கு வாசிசின் என்று பெயரிட்டார். பிறகு அவரும் என்னைப் போலவே கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, இங்குள்ள இந்தியன் மியூசியத்தில் வேலை பார்த்தார்! நான் தினமும் ஆபீஸ் போகும் வழியில் இருக்கும் கட்டடம் அது.

வாசிசினை மாதிரியாக வைத்து ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனி புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செயற்கையாகத் தயாரித்து 1963இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கெட்டிச் சளியை இளக்கி வெளியே தள்ளும் மருந்து. அது உடலுக்குள் போய் மாறும் பொருள்களில் ஒன்றுதான் அம்ப்ராக்சால். பின்னர் அதுவே தனி மருந்தாகவும் வந்தது. ஆக, அம்மா கேட்ட இலை ஊட்டி, ஜெர்மனி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் வீட்டு அலமாரிக்கு வந்திருக்கிறது.

இதோடு நிறுத்தினால், "பார்த்தாயா, எல்லாம் நம் முன்னோர்கள் அன்றே கண்டது" என்று நீங்களும் நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். எனக்கு அப்படி முடியவில்லை. காரணம் என் பெரியப்பா.

1989இல் எனக்குப் பத்து வயது. பெரியப்பாவுக்கு மாதக்கணக்கில் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், பிறகு சளியில் ரத்தம். ரத்தம் கக்கும் இருமலுக்கும் க்ஷயத்துக்கும் இந்த இலையைச் சொல்வது ஆயுர்வேதத்தில் பழைய வழக்கம். பெரியம்மா விடிகாலையில் எழுந்து கஷாயம் வைப்பார். சளி இளகும், நெஞ்சு லேசாகும், "குணமாகுது" என்று எல்லாரும் நம்பினோம். சளி இளகியது நிஜம். கிருமி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது.

வேதனை என்னவென்றால், 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளி வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இலேயே உலகத்துக்குக் காட்டிவிட்டது. சானடோரியத்தில் படுக்க வேண்டிய அவசியமே இல்லை. முப்பது வருடம் கழித்தும் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1996இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் அது சோதனைச்சாலையில் பார்த்தது. அதை நம்பி யாரும் காசநோய் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் இந்த இலை வேண்டாம். வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். குழந்தைக்கு சிரப் மட்டும் போதும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றேன். தலையாட்டினார். அந்தக் கட்டில் எனக்கும் அவருக்குமாக மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். டம்ளரை ஆற்றிக்கொண்டே, "இப்ப டிபிக்கு எத்தனை மாசம்டா மாத்திரை?" என்று கேட்டார்.

"சாதாரணமா ஆறு மாசம்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு கிடையாது."

"அவர் எட்டு மாசம் கஷாயம் குடிச்சார்" என்றார் அம்மா.