படையுணவும் பசித்த தீவும்

தென் அந்தமானில், சாத்தம் துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் பாம்பூஃப்ளாட் கரையை அடையலாம். தமிழும் தெலுங்கும் மலையாளமும் வங்காளியும் கலந்தொலிக்கும் ஊர் அது. குடியேறியவர்கள் தத்தம் அடுக்களையையும் உடன் கொண்டுவந்தனர். ஆதலின் ஒரு தெருவிலேயே சாம்பாரும் கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பும் மணக்கக் கேட்பானேன்! ஆனால், மூன்றரை ஆண்டுகள் இத்தீவுகளை ஆண்ட ஜப்பானியரின் தலையாய சுவைப்பொருளான மிசோ இங்கு வேர்கொள்ளவில்லை. ஏன் என்பது வரலாற்றுக்குரிய வினா.

மிசோ என்பது ஒரு விழுது. சோயா மொச்சையை வேகவைத்து மசித்து, உப்பும் ‘கோஜி’யும் கலந்து, தொட்டியில் அமுக்கிப் பாரம் ஏற்றி வைப்பார்கள். வேகவைத்த அரிசியிலோ வாற்கோதுமையிலோ நல்ல பூசணம் ஒன்றை வளர்த்தெடுப்பதே கோஜி. நம் இட்லி மாவு ஓரிரவில் புளித்துவிடும்; மிசோவுக்கோ பல திங்கள் வேண்டும். சிலவகைக்கு ஆண்டுகளே ஆகும்.

உப்பும் புரதமும் ஒருங்கே அடங்கி, எளிதில் கெடாத பொருளைப் படைத்தலைவர்கள் விடுவார்களா? 17ஆம் நூற்றாண்டில் செண்டாய்க் கோட்டையின் தலைவர் டாட்டே மாசமுனே, கோட்டைக்குள்ளேயே மிசோ செய்யும் பண்டகசாலை வைத்திருந்தார். சேம்பின் தண்டை மிசோவில் வேகவைத்து உலர்த்திக் கயிறாகத் திரித்து வீரர்கள் எடுத்துச் செல்வதும் உண்டு. மூட்டை கட்டவும் அது பயன்படும். பசித்தபோது நறுக்கி வெந்நீரில் இட்டால் சாறாகவும் மாறும். இரண்டாம் உலகப் போரிலும் ஜப்பானியப் படைகளின் உணவுப் பட்டியலில் மிசோவும் அதன் பொடியும் இடம் பெற்றிருந்தன.

அப்படை 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நகரில், இறங்கியது. அதே 1942இல் ஜப்பானிலேயே மிசோ பங்கீட்டுச் சீட்டுக்கு உட்பட்டுவிட்டது. தோக்கியோவின் இல்லத்தரசிக்கே அளந்து தரப்பட்ட பொருள், கைப்பற்றிய தீவின் குடிமக்களுக்குக் கிட்டியிருக்கும் என எண்ண இடமில்லை.

குடிமக்களுக்கு மிசோ இல்லாதது பெரிதன்று; அரிசியே இல்லாது போயிற்று. தீவுகள் கப்பலில் வரும் உணவையே பெரிதும் நம்பியிருந்தவை. நேசநாட்டுக் கப்பல்கள் கடல்வழியை அடைத்தபின், 1944, 1945ஆம் ஆண்டுகளில் வரத்து அற்றது. கட்டாய உழைப்பில் விமானத்தளம் அமைத்த கைகளே, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டன. 1943 டிசம்பர் 30இல் நேதாஜி இங்குக் கொடியேற்றியதை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அதன் பின் வந்த பசியை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1945 ஆகஸ்டில் உணவுத் தட்டுப்பாட்டினிடையே பல நூறு பேரைப் படகுகளில் ஏற்றி, ஹாவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள். பிழைத்தோர் மிகச் சிலர். அக்டோபர் 9 அன்று ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தனர்.

அடுப்பில் ஏற்ற ஒன்றுமில்லாத வீட்டில் புதுச்சுவை எங்ஙனம் நுழையும்?

எனினும் பழி மொச்சையின் மேல் இல்லை. காந்தியடிகள் 1935இல் ‘ஹரிஜன்’ இதழில் சோயா மொச்சையின் பயனைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று மத்தியப் பிரதேசத்தில் அது பெருமளவில் விளைகிறது. மிசோவும் நம் பெருநகரக் கடைகளில் கிடைக்கிறது. செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வியப்பான செய்தி: ஜப்பானியர் மிசோச் சாற்றுக்கு அடிப்படையாகக் கொள்ளும் ‘கட்சுவோபுஷி’யும், தூத்துக்குடியாரும் இலங்கைத் தமிழரும் நன்கறிந்த மாசிக் கருவாடும் உடன்பிறப்புகள். இரண்டும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியவையே.

ஆகவே மாசியைத் தட்டி வெந்நீரில் இட்டு, சிறிது கொதித்ததும் வடிகட்டுக. புலால் விலக்கியோர் உலர்ந்த காளானை ஊறவைத்த நீரைக் கொள்ளலாம். அதில் முள்ளங்கியோ கீரையோ வேகட்டும். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி மிசோவைத் தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். நுரை கூடியவுடன் ரசத்தை இறக்கும் பக்குவம் அறிந்தவர்க்கு இது புதிதன்று. மிசோ கொதித்தால் மணம் போய்விடும். வேறு உப்புத் தேவையில்லை.