களையும் களைகட்டுவதும்

'திருவிழா களைகட்டியது' என்று செய்தித்தாளில் படித்தால் நமக்கு சீரியல் லைட்டும் ராட்டினமும்தான் ஞாபகத்துக்கு வரும். திருவள்ளுவர் காலத்து ஆள் ஒருவர் அதைப் படித்தால் குழம்பிப்போவார். கோயில் வாசலில் யாருய்யா களை பறிச்சது?

பழந்தமிழில் 'கள்' என்பது பறித்தலைக் குறிக்கும் ஒரு வினை. 'கேள்' என்பது 'கேட்டல்' ஆவதுபோல 'கள்' என்பது 'கட்டல்' ஆகும். ஆகவே களைகட்டல் என்றால் களை பறித்தல். இன்று நாம் சொல்லும் 'களைகட்டுதல்' வேறு. முகக்களை என்கிறோமே, அந்தக் களை. அது வடமொழி 'கலா'விலிருந்து வந்தது, பொலிவு என்று பொருள். ஒரே எழுத்துகள்தான், ஆனால் ஒன்று நீக்குகிறது, இன்னொன்று நிறைக்கிறது.

நீக்கும் களைக்கு அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்கள் உண்டு. மலையாளத்தில் 'களயுக' என்றால் தூக்கி எறிவது, தொலைப்பது. கன்னடத்தில் 'களெ' என்றால் நீக்குவது, கணக்கில் கழிப்பது, பொழுதைப் போக்குவது. போன வருஷத்தை அவர்கள் 'களெத வர்ஷ' என்பார்கள். தமிழில் நாம் ஆடையைக் களைகிறோம், ஐயத்தைக் களைகிறோம், வயலில் களையெடுக்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. களை என்று தனியாக ஒரு தாவர இனம் கிடையாது. அருகம்புல் நெல்வயலில் களை, பிள்ளையாருக்கு அர்ச்சனை. எது பறிக்கப்பட வேண்டுமோ அதுதான் களை. அதை முடிவு செய்வது செடி இல்லை, வயலுக்குச் சொந்தக்காரர்.

குறளில் இந்த வினை மூன்று முக்கியமான இடங்களில் வருகிறது. 788-ல் நண்பனின் துன்பத்தைக் களைவதே நட்பு. 879-ல் முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிடு, முற்றினால் களைபவர் கையையே அது குத்தும். 550-ல் கொடிய கொலைகாரர்களை அரசன் தண்டிப்பது பயிரில் களையெடுப்பது மாதிரி. முதலில் களையப்படுவது துன்பம். அடுத்தது பகைக்கான உவமை. கடைசியில் மனிதர்களே களை.

வள்ளுவர் அதைக் கொலைகாரர்களோடு நிறுத்திக்கொண்டார். பிறகு வந்த அதிகாரங்கள் நிறுத்தவில்லை. ஸ்டாலின் ஆட்சியில் 1937-38-ல் நடந்ததைத் தமிழில் 'களையெடுப்பு' என்றே எழுதுகிறோம். அந்த இரண்டே வருடங்களில் சுமார் 6,80,000 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக சோவியத் ஆவணங்களே சொல்கின்றன. ஸ்டாலின் இறந்த பிறகு அவர்களில் பலர் நிரபராதிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். கம்ப்யூட்டரில் நீக்கிய கோப்பையாவது குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம்.

இன்று ஒரு கட்சியில் நாலு பேரை வெளியேற்றினாலும் தலைப்பு 'களையெடுப்பு'தான். அந்தச் சொல்லைப் போட்டதும், மிச்சமிருப்பவர்கள் பயிர் என்பது கேள்வியே இல்லாமல் முடிவாகிவிடுகிறது. வெளியே போனவர் என்ன தப்பு பண்ணினார் என்று யாரும் கேட்பதில்லை. களையிடம் போய் யார் விளக்கம் கேட்பார்கள்?

ஆழ்வார் பாசுரங்களில் 'களைகண்' என்று ஒரு சொல் வரும். ஆதரவு, புகலிடம் என்று பொருள். துன்பம் களைபவர் என்று அதை விளக்குவார்கள். அடுத்த முறை 'களையெடுப்பு' என்று தலைப்பு வந்தால், பறிக்கப்பட்டது துன்பமா ஆளா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.