இரு நதிகளும் இரட்டைக் கோட்டைகளும்

நதி கடலில் கலக்கும் துறையிலும், நதியோடு நதி கூடும் முனையிலும் கோட்டை எழுப்புவது பண்டுதொட்டு அரசர்களின் வழக்கம். நீர்வழியே வணிகம் வரும். வணிகத்தின் பின்னால் வரி வரும். வரியைத் தேடிப் பகைவனும் வருவான். ஆகவே நீர்முகத்தைக் காப்பவன் நாட்டையே காப்பவன் ஆகிறான். சில இடங்களில் ஒரு கோட்டை போதாமல் எதிரும் புதிருமாக இரண்டு கோட்டைகள் தோன்றியதும் உண்டு.

மொராக்கோ நாட்டில் பூ ரெக்ரெக் என்னும் நதி அட்லாண்டிக் கடலில் சேரும் கழிமுகத்தின் ஒரு கரையில் ரபாத்தும், மறுகரையில் ஸலாவும் மதில் சூழ்ந்த இரட்டை நகரங்களாய் இன்றும் நிற்கின்றன. முவஹ்ஹிதுகளின் கலீஃபா அப்துல் முஃமின் கி.பி. 1150 அளவில் அங்கே ஒரு காவற்கோட்டை அமைத்தார். அவர் பேரர் யஃகூப் அல்மன்சூர் 1195-இல் தொடங்கிய ஹஸன் பள்ளியின் மினாரா, 1199-இல் அவர் மறைந்ததும் பாதியில் நின்றது. நின்ற கோலத்திலேயே இன்றும் காட்சி தருகிறது. 1609-க்குப் பின் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட அந்தலூசிய முஸ்லிம்கள் தஞ்சம் புகுந்து தலையெடுத்ததும் இந்தக் கழிமுகத்திலேதான். ‘ரபாத்’ என்ற பெயர் ‘ரிபாத்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கட்டுதல், பிணைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். எல்லையில் குதிரையைக் கட்டிவைத்து விழிப்போடு காவல் இருத்தல் என்பது வழக்கில் வந்த பொருள். இந்தச் சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் சாரம் அதில் அடங்கியிருக்கிறது.

நிற்க. நாம் எழுத முற்பட்டது மொராக்கோவைப் பற்றியன்று. நம் நீலகிரியைப் பற்றி. கடலே காணாத மலையில் நீர்முகமும் இரட்டைக் கோட்டையும் எங்கே வந்தன என்று கேட்கலாம். மலையைச் சுற்றி ஓடும் நதிகளின் போக்கை நோக்கினால் விடை தானே புலப்படும்.

மலையை அணைத்த நதிகள்

நீலகிரியின் மேற்குச் சிகரங்களில் பைக்காரா என்னும் பெயரோடு பிறக்கும் ஆறு, வடக்கு நோக்கி இறங்கி, மோயாறு என்று பெயர் மாறிக் கிழக்கே திரும்புகிறது. மைசூர் மேட்டுநிலத்தையும் நீலகிரியையும் பிரிக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு அது வகுத்த வழியே. ஆங்கிலேயர் அதனை ‘மைசூர் அகழி’ என்றே அழைத்தனர். பவானியோ தென்மேற்கில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடியைத் தொட்டுத் திரும்பி, மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியே கிழக்கு நோக்கி வருகிறது. மலையை வடபுறம் ஒரு கரமும் தென்புறம் ஒரு கரமும் அணைத்ததுபோல் ஓடிவரும் இவ்விரு நதிகளும், மலையின் கிழக்கு அடிவாரத்தில் கைகோக்கின்றன. அந்தக் கூடுமுனையிலேதான் தணாயக்கன் கோட்டை இருந்தது.

தண்டநாயகன் என்ற படைத்தலைவர் பட்டமே மக்கள் நாவில் தணாயக்கன் ஆயிற்று. கி.பி. 1117-ஐச் சேர்ந்த ஒரு கன்னடக் கல்வெட்டு, போசள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்சச் செய்து நீலமலையைக் கைக்கொண்ட செய்தியைக் கூறுகிறது. நீலகிரியின் பெயரையும் தோடர் என்னும் மக்களின் பெயரையும் தாங்கிய மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. அதன் பின்வந்த போசளத் தண்டநாயகர்கள் நீலகிரியை அடக்கியவர் என்று பொருள்படும் விருதைச் சூடிக்கொண்டனர். மாதவப் பெருமாள் தண்டநாயகரின் பெயரோடு இக்கோட்டையை வரலாறு இணைக்கிறது. பின்னர் விசயநகரமும், அதன் பின் மைசூர் உடையார்களும், அவர்களுக்குப் பின் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இதனை ஆண்டனர். மலைமேல் விளைந்த தானியத்துக்கான தீர்வையும் கீழே இக்கோட்டையின் கணக்கில்தான் சேர்ந்தது. கோட்டை சமவெளியில், அதன் குடிகளோ முகில் தவழும் மலையில். இத்தகைய அமைப்பு அபூர்வம்.

மேலிருந்து நோக்கிய இரு கண்கள்

அடிவாரக் கோட்டை கணக்கெழுதும் கை என்றால், மலைமீது இருந்த இரு கோட்டைகள் காவல் காக்கும் கண்கள். தென்புறக் கண், குன்னூருக்கு அருகேயுள்ள ஹுலிக்கல் துர்க்கம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், செங்குத்தான பாறை முகட்டில் அது அமைந்தது. நான்சச் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து, கடைசித் தொலைவை நடந்தே ஏற வேண்டும். ஏறியவருக்கு இன்று கிடைப்பது இடிந்த மதிலின் ஒரு பகுதியும், கீழே விரியும் கோவைச் சமவெளியும். மேட்டுப்பாளையத்திலிருந்து படை புறப்பட்டால், புழுதி எழும்போதே மேலிருந்தவன் கண்டுகொள்வான்.

வடபுறக் கண், உதகைக்கு வடக்கே கல்லட்டிப் பக்கத்தில் உள்ள மலைக்கோட்டை. அது நோக்கியது சீகூர்ச் சரிவையும் மோயாற்றுப் பள்ளத்தாக்கையும், அதற்கப்பால் மைசூரையும். ஒன்று பவானியின் பக்கம், மற்றொன்று மோயாற்றின் பக்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து ஆள்பவனுக்கு இவ்விரண்டும் எத்துணை இன்றியமையாதவை என்பதை விளக்க வேண்டியதில்லை. கோவைச் சீமை அவனுடைய நெற்களஞ்சியம். பாலக்காட்டுக் கணவாய் மலபாருக்கு வாயில். இரண்டுக்கும் இடையே உயர்ந்து நிற்பது நீலகிரி.

1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் மோயாற்றுப் பக்கத்துக் கஜல்ஹட்டிக் கணவாய் வழியே பெரும்படையோடு இறங்கிச் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையைத் தாக்கினார். ஆங்கிலேயர் பீரங்கிகளையும் இழந்து பின்வாங்க நேர்ந்தது. அந்தப் போரின் விரைவுக்குக் காரணம், மலைவழிகளைத் திப்பு அறிந்திருந்த அளவு கும்பெனியார் அறிந்திராததே.

யார் கட்டிய கோட்டை?

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் வருகிறது. உதகைக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களில், “திப்பு கட்டிய கோட்டையைப் பார்த்தோம்” என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்வதைக் கேட்கிறோம். ஹுலி என்றால் புலி. திப்புவின் சின்னமும் புலி. ஆகவே ஐயமென்ன என்று பெரியவர்களும் தலையசைக்கிறார்கள். ஆனால் அவ்வூரின் பெயர், அங்கே முன்னொரு காலத்தில் ஆட்கொல்லிப் புலி கொல்லப்பட்டதன் நினைவாக நாட்டிய கல்லால் வந்தது என்பது மலைமக்களின் வழக்கு. அதே முகட்டை அவர்கள் பகாசுரன் கோட்டை என்றும் அழைக்கிறார்கள். வீமனால் கொல்லப்பட்ட அசுரன் வாழ்ந்த இடமாம் அது. மலைக்கோட்டைகளை மைசூர்ப் பக்கத்து உம்மத்தூர்த் தலைவர்களின் காலத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபும் இருக்கிறது. அந்த உம்மத்தூரைக் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வென்று அடக்கிவிட்டார். 1880-இல் கிரிக்கும், 1908-இல் பிரான்சிசும் எழுதிய நீலகிரி மாவட்ட நூல்கள் இத்தகைய மரபுகளைத் தொகுத்து வைத்துள்ளன.

ஆகவே திப்பு இக்கோட்டைகளின் நிறுவனர் அல்லர், காவலர். பழைய அரண்களைத் தம் படைக்கு ஏற்ற காவல் நிலையங்களாக்கி ஆளிருத்தியவர். இதை ஒப்புக்கொள்வதால் அந்த ஷஹீதின் புகழ் அணுவளவும் குறைந்துவிடாது. ரிபாத் என்ற சொல்லை முன்னரே நினைவூட்டினோம். ரிபாத்தின் சிறப்பு கல்லை அடுக்குவதில் இல்லை, விழித்திருப்பதில் இருக்கிறது. பிறர் கட்டிய மதிலில் நின்று நாட்டைக் காத்தவனுக்கு, கட்டியவனின் பெயரை இரவல் வாங்கித் தரவேண்டிய தேவை என்ன?

இன்னொன்றும் உண்டு. திப்புவை வெறுப்போர் அவர் செய்யாத கொடுமைகளையும் அவர்மீது ஏற்றுகின்றனர் என்று நாம் வருந்துகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. 1791-இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்துக்குப் பொருளுதவி செய்து சுவாமிகளுக்குத் திப்பு எழுதிய கடிதங்கள் 1916-இல் வெளிப்பட்டன. அவதூறு பலவற்றுக்கு அவையே வாய்ப்பூட்டாயின. ஆயினும் கடிதம் தரும் சாட்சியை ஏற்கும் நாம், குடகிலும் மலபாரிலும் அவர் படையெடுப்பால் துன்புற்ற குடும்பங்களின் நினைவைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வது முறையாகாது. பிறர் ஏற்றிய பொய்ப்பழியை நீக்கக் கோருபவன், தான் ஏற்றிய பொய்ப்புகழையும் நீக்க முன்வர வேண்டும். சாட்சி கூறுவதில் நீதி தவறாமை நம் மார்க்கம் நமக்கிட்ட கட்டளை. உறவினருக்கோ நமக்கோ எதிராக அது அமையினும் சரியே.

வழி மாறியது, கோட்டை வீழ்ந்தது

1799 மே 4-ஆம் நாள் (ஹிஜ்ரி 1213) திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண வாயிலில் ஷஹீதானார். அவ்வாண்டு உடன்படிக்கையின்படி கோவைச் சீமையோடு நீலகிரியும் கும்பெனியாரின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டிலேயே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஏவலால் டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் தணாயக்கன் கோட்டைக்கு வந்து, ஊரையும் விளைவையும் விசாரித்து எழுதினார். 1812-இல் கீஸ், மக்மஹோன் என்ற இருவர் மலையேறி அளந்தனர். 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே சென்றார். 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார்.

வாள் பிடித்துக் காத்த மலையை, கும்பெனியார் சாலை போட்டுத் தமதாக்கிக்கொண்டனர். 1820-களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு வழி திறந்தது. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைச்சாலை, ஹுலிக்கல் துர்க்கத்தின் காலடிப் பள்ளத்தாக்கு வழியாகவே அமைந்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் பல்சக்கர ரயில் ஏறியது. எந்தக் கணவாயை அடைத்துக் காக்க அந்த முகட்டில் மதில் நின்றதோ, அந்தக் கணவாய் அனைவரும் ஏறும் நெடுவழியாயிற்று. மதிலை எவரும் இடிக்கவேண்டியிருக்கவில்லை. மழையும் பனியும் மரவேரும் அவ்வேலையைச் செய்துமுடித்தன.

சாலையோடு மக்கள் வந்தனர். மைசூர்ப் பக்கத்து உருது பேசும் குடும்பங்களும், கோவைச் சமவெளியின் ராவுத்தர்களும், கூடலூர் வழியே மாப்பிள்ளை வணிகர்களும், துணிக்கடை வைத்த சேட்டுமாரும் மலையேறினர். உதகையிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பாங்கொலி எழுந்தது. மலையில் நம் சமுதாயம் நிலைபெற்றது படையெடுப்பால் அன்று. கடைத்தெருவாலும் உழைப்பாலும் ஆகும். இந்த வரலாற்றுக்கு மதில் இல்லை. ஆகவே எவரும் அதனைச் சுற்றிப் பார்க்கச் செல்வதில்லை.

தணாயக்கன் கோட்டையின் முடிவு வேறு விதம். 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணை, அந்தக் கூடுமுனையிலேயே எழுந்தது. கோட்டையும் ஊரும் மாதவராயப் பெருமாள் கோயிலும் நீருக்குள் சென்றன. சுவாமி சிலைகளை முன்னதாகவே எடுத்துச் சென்று வேறிடத்தில் கோயில் அமைத்தனர். ஏறத்தாழ 32.8 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அவ்வணை, இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருகிறது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் தலைகாட்டுகின்றன. மக்கள் சென்று பார்க்கிறார்கள். மழை பெய்ததும் அவை மறைகின்றன. திப்பு இறங்கிவந்த கஜல்ஹட்டிப் பாதை, 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காட்டுக்குள் அடங்கிவிட்டது. இராணுவம் நடந்த வழியில் யானைக் கூட்டம் நடக்கிறது.

நமக்குள்ள கடமை

இவ்வளவும் எழுதியதன் நோக்கம் பழம்பெருமை பேசுவதன்று. இரட்டைக் கோட்டைகளுள் ஒன்று புதருக்குள் மறைகிறது; மற்றொன்றின் பெயரையே பலர் அறியார்; மூன்றாவது நீருக்குள் கிடக்கிறது. ஆனால் புணிசனின் செய்தி கல்லில் நின்றதால் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பேசுகிறது. சிருங்கேரிக் கடிதங்கள் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஒரு மனிதரின் மானத்தைக் காத்தன. மதில் காக்காததைக் காகிதம் காத்திருக்கிறது.

மலையிலும் அடிவாரத்திலும் வாழும் நம் குடும்பங்களின் பரண்களில் பழைய கிரயப் பத்திரங்கள் இருக்கும். பள்ளிவாசல் அலமாரிகளில் கணக்கேடுகள் இருக்கும். கபரஸ்தான்களில் எழுத்துத் தேய்ந்த மீஸான் கற்கள் நிற்கும். எவரோ ஒரு பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு, படிக்க ஆளின்றிச் செல்லரித்துக்கொண்டிருக்கும். பழைய தாள் என்று அவற்றை எடைக்குப் போடும் முன், படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். எழுத்துப் பெயர்த்து வையுங்கள். ஆண்டைக் குறித்து வையுங்கள். வீட்டிலுள்ள முதியவர் சொல்வதைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள். நம் விருப்பத்தை அதில் கலக்க வேண்டாம்.

அடுத்த முறை குன்னூர் சென்று துர்க்கத்தைக் காட்டும்போது, “இது நம் சுல்தான் கட்டியது” என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். “இதை முன்னோர் பலர் கட்டினர், பலர் ஆண்டனர், நம் சுல்தானும் ஒரு காலத்தில் இங்கே காவல் இருந்தார்” என்று சொல்லுங்கள். அந்தப் பெருமையே அவருக்குப் போதுமானது, உண்மையாகவும் இருப்பது. உண்மையைக் காக்கும் காவலில் விழிப்போடு நிற்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.