எகிப்தியக் கலைக் காப்பாட்சியர்

பண்டைய எகிப்தின் சிலை, ஓவியம், சவப்பேழை, பாப்பிரஸ் சுருள், தாயத்து முதலியவற்றைச் சேர்த்து, ஆராய்ந்து, பேணி, மக்கள் பார்வைக்கு வைக்கும் அருங்காட்சியக அறிஞர். இப்பணிக்கு ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அரிய பொருளைத் தேடிப்பிடித்து வாங்குவதே திறமையாக மதிக்கப்பட்டது; இன்று அது எங்கே, எவற்றோடு, எவ்வழியில் கிடைத்தது என நிறுவுவதே முதற்கடமை. இம்மாற்றத்தை அறவுணர்வின் வளர்ச்சி என்று மட்டும் விளக்குவது போதாது. கிடைத்த இடம் தெரியாத பொருள் தன் வரலாற்றில் பாதியைக்கூடச் சொல்லாது என்ற அனுபவமே காப்பாட்சியரை இத்திசைக்குத் திருப்பியது.

நெப்போலியனின் 1798 படையெடுப்புக்குப் பின், எகிப்திலிருந்த ஐரோப்பியத் தூதர்கள் பழம்பொருள் திரட்டுவதில் போட்டியிட்டனர். பிரெஞ்சுத் தூதர் துரொவெத்தியின் திரட்டு 1824இல் தூரின் எகிப்திய அருங்காட்சியகத்துக்கு அடித்தளமானது. பிரிட்டிஷ் தூதர் ஹென்றி சால்ட்டின் இரண்டாம் திரட்டை 1826இல் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் வாங்கியது. எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை 1822இல் கண்ட ஷாம்போலியோன், 1826இல் அங்கே காப்பாட்சியராக அமர்ந்தார். 1827இல் திறக்கப்பட்ட கூடங்களில் கடவுளர், அன்றாட வாழ்வு, ஈமச்சடங்கு எனப் பொருள்களை வகைப்படுத்தினார். வேடிக்கைப் பண்டங்களாகக் குவிந்திருந்தவை ஒரு நாகரிகத்தின் சான்றுகளாயின. ஆயினும் எழுத்துள்ள பொருள் மட்டுமே அவரிடம் பேசிற்று. எழுத்தில்லாத பானையும் மணியும் எந்தக் கல்லறையில், எந்த உடலருகே இருந்தன என்பதைத் திரட்டியவர்கள் பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை.

சுவடிகள் வாங்க லூவர் 1850இல் அனுப்பிய மரியெத், சக்காராவில் புனிதக் காளைகளின் புதைவிடமான செரப்பியத்தைத் தோண்டி, கிடைத்தவற்றில் பலவற்றைப் பாரிசுக்கு அனுப்பினார். அவரே 1858இல் எகிப்தின் தொல்பொருள் துறைக்குத் தலைவராகி, 1863இல் கெய்ரோவின் பூலாக்கில் அருங்காட்சியகம் திறந்து, பொருள்கள் வெளியேறுவதைத் தடுக்க முனைந்தார். அவருக்குப் பின் வந்த மாஸ்பெரோ காலத்தில், அகழ்ந்தவர்க்கும் எகிப்துக்கும் பங்கு பிரிக்கும் முறை வேரூன்றியது. இக்காலத்தில் பிரிட்டிஷ் அகழாய்வாளர் பீட்ரி ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். எந்தப் பானை வகைகள் ஒரே குழியில் சேர்ந்து கிடைக்கின்றன என்று ஒப்பிட்டு, எழுத்துக்கு முந்தைய கல்லறைகளைக் காலவரிசைப்படுத்தும் முறையை 1899இல் வெளியிட்டார். அழகுக்காக எவரும் விலை கொடுத்திராத பானைகள், குழியோடு சேர்த்துப் பதியப்பட்டதால் வரலாற்றுக்கு அளவுகோலாயின. ஆனால் பங்கீடு அதே கல்லறைத் தொகுதிகளைப் பல நாடுகளுக்குச் சிதறடித்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1906இல் லித்கோவின் தலைமையில் எகிப்தியக் கலைப் பிரிவைத் தொடங்கி, காப்பாட்சியர்களையே அகழாய்வுக்கு அனுப்பியது. 1920களில் அதன் அகழாய்வாளர் வின்லாக்கின் குழுவினர் தெய்ர் எல்-பாஹ்ரியில் அரசி ஹட்ஷெப்சுட் சிலைகளின் உடைந்த துண்டுகளைக் கண்டெடுத்தனர். சில சிலைகளின் மற்றப் பகுதிகள் முந்தைய நூற்றாண்டிலேயே பெர்லினுக்குப் போயிருந்தன. இரு அருங்காட்சியகங்களும் துண்டுகளைப் பரிமாறிய பிறகே அவை முழுமை பெற்றன.

பயின்ற கண்ணே போதும், இடம் தெரியாத சிலையையும் பாணி கொண்டு காலம் கணிக்கலாம் என்பது, கிடைத்த இடமே முதன்மை என்பதற்கு எதிரான வலுவான மறுப்பு. புரூக்ளின் அருங்காட்சியகத்தின் பெர்னார்ட் போத்மர் பிற்காலச் சிற்பங்களை அவ்வாறு வரிசைப்படுத்தியது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பயிற்சி தந்தவற்றில் முக்கியமானவை, 1903 முதல் கர்னாக் கோயில் முற்றத்தில் அகழாய்வாளர் லெக்ரேன் தோண்டியெடுத்த நூற்றுக்கணக்கான சிலைகள். அவை நின்ற கோயில் தெரியும். பலவற்றில் உரியவர் பெயரும் குடிவழியும் பொறிக்கப்பட்டுள்ளன. இடம் அறிந்த சிலைகள் ஏந்திய விளக்கொளியில்தான் இடம் அறியாதவற்றின் முகம் தெரிந்தது.

பொருள் எங்கிருந்தாலென்ன, பத்திரமாக இருந்தால் போதாதா என்பது மற்றொரு மறுப்பு. 1912இல் அமர்னாவில் கிடைத்துப் பங்கீட்டில் ஜெர்மனி சென்ற அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலையை எகிப்து நெடுங்காலமாகத் திருப்பிக் கேட்கிறது. அந்த வழக்கில் இவ்வாதம் அடிக்கடி எழும். பாதுகாப்பு எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அன்று: பெர்லினின் நொய்யஸ் அருங்காட்சியகம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்தது, கெய்ரோ அருங்காட்சியகம் 2011 எழுச்சியின்போது சூறையாடப்பட்டது. இவ்விவாதம் எம்முடிவை எட்டினாலும், பதியாமல் போன சூழலைப் பெட்டகம் எதுவும் மீட்டுத் தராது. எகிப்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள்களில் தனியார் வாணிபத்தை ஒழித்த பிறகும் திருட்டு நின்றபாடில்லை. மெட்ரோபாலிட்டன் 2017இல் வாங்கிய பூசாரி நெஜெமன்க்கின் பொன்முலாம் பூசிய சவப்பேழை, 1971ஆம் ஆண்டினது எனக் காட்டிய போலி ஏற்றுமதி அனுமதியோடு வந்தது. 2011இல் கொள்ளைபோனது என விசாரணை கண்டறிய, 2019இல் எகிப்துக்குத் திரும்பியது. அதன்மேல் உள்ள எழுத்தை வல்லுநர்கள் படித்துவிட்டனர். தோண்டியவர்கள் எதையும் பதியாததால், அதனருகே இருந்தவை எவை என்பதை இனி எவராலும் படிக்க முடியாது. ஆகவே, வாங்குமுன் ஆவணத்தைச் சோதிப்பதும், பழைய பதிவேடுகளைக் கொண்டு சிதறிய கல்லறைத் தொகுதிகளைக் காகிதத்திலாவது ஒன்றுசேர்ப்பதும் சிலையை ஆராய்வதற்கு இணையான கலையாராய்ச்சியே.